ஆஃப்லைன் என்றால் நெட்டு இல்லை

லேப்டாப் மூலையில் தெரியும் பாட்டரிப் படத்தைப் பார்த்துவிட்டு "சார்ஜ் ஏறுது" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். தினமும் இந்த ஆட்களோடுதான் பிழைப்பு. பிளக்கைப் பாதி சொருகிவிட்டு வந்து உட்கார்வார்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சிவப்பு லைட்டு எரிந்தால் போதும், லேப்டாப்புக்குள் கரண்டு போய்ச் சேர்ந்துவிட்டதாக முடிவு கட்டிவிடுவார்கள். கேட்டால், "படம் காட்டுது சார்" என்பார்கள். படம் காட்டத்தான் செய்யும். அதற்குத்தானே அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

உண்மை தெரிய வேண்டுமென்றால் டெர்மினல் என்கிற கருப்பு ஜன்னலைத் திறந்து ஒரு வரி அடிக்க வேண்டும். acpi -a என்று அடித்து என்டர் தட்டினால் பூசி மெழுகாமல் பதில் வரும். சார்ஜர் வழியாகக் கரண்டு உள்ளே வருகிறதா இல்லையா, அவ்வளவுதான் அதன் பேச்சு. ஆனால் கருப்பு ஜன்னலைக் கண்டாலே நம் மக்களுக்கு ஏதோ திருட்டு வேலை என்று தோன்றிவிடும். ஒருமுறை ஏலக்காய் வியாபாரி ஒருவருடைய லேப்டாப்பில் நான் இதைத் திறந்தபோது, "ஹேக் பண்றீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த தன் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தப் பதிலை எழுதிய வெள்ளைக்காரப் புண்ணியவானையும் சும்மா விடுவதற்கில்லை. கரண்டு வந்தால் 'on-line' என்று காட்டும். வராவிட்டால் 'off-line'. கரண்டுக்கு உலகத்தில் வேறு வார்த்தையே கிடைக்கவில்லை அந்த மனுஷனுக்கு. போடியில் ஆன்லைன் என்றால் என்னவெல்லாம் அர்த்தம் என்று வந்து பார்த்திருந்தால் அந்த வார்த்தையைத் தொட்டிருக்க மாட்டார். பிள்ளைகளுக்கு அது கிளாஸ். வியாபாரிகளுக்கு ஏலம். மற்ற எல்லோருக்கும் நெட்டு. கரண்டு என்று ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை.

படத்தை நம்பும் கூட்டத்தில் முதல் இடம் யாருக்கு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், என் அக்கா வீட்டுக்காரருக்கு. போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரர். கீழே வயல் இருந்தும் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டைக் குத்தகைக்கு எடுத்து, காய் எடுக்கிற காலத்தில் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிடுவார். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. மோட்டார் தெரியும், மருந்து தெரியும், டில்லி அரசியல் தெரியும். காட்டு வீட்டுக்கு இன்வெர்ட்டர் மாட்ட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னபோது, "அதெல்லாம் நமக்குத் தெரியும் மாப்ளே" என்று தானே மாட்டினார். மாட்டிய லட்சணம், லைட்டும் டிவி பிளக்கும் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடும். மற்ற பிளக்கெல்லாம் கரண்டோடு சேர்ந்து செத்துவிடும். மழைக்கு மரம் சாய்ந்து லைன் அறுந்தாலும் ஊர் நியூஸ் பார்க்க வேண்டுமல்லவா, அதுதான் அவர் கவலை.

அக்கா தமிழில் எம்.ஏ., அதற்குமேல் பி.எட். பெண் பார்க்க வந்தபோது, "பிள்ள வேலைக்குப் போறதுன்னாப் போகட்டும்" என்று தலையாட்டிய கூட்டம்தான் அது. கல்யாணம் முடிந்ததும் காட்டை யார் பார்ப்பது, ஆட்களுக்கு யார் பொங்கிப் போடுவது என்ற கேள்வி வந்துவிட்டது. அந்தக் கேள்வியிலேயே அவள் மகள் காலேஜுக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டாள். இந்த நிலைமையில்தான், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நெட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஒரு கம்பெனி அவளை ஒரு சோதனை வகுப்பு எடுக்கச் சொன்னது. முக்கால் மணி நேரம். நடுவில் அறுபடாமல் எடுத்து முடித்தால் வேலை அவளுக்கு. "இது மட்டும் கெடைச்சாப் போதும்டா தம்பி. வேற எதுவும் நான் யாருகிட்டயும் கேக்க மாட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். அக்கா எதையும் இப்படி வாய்விட்டுக் கேட்கிற ஆள் கிடையாது. 

என் சென்டரில் சும்மா கிடந்த ஒரு பழைய லேப்டாப்பை அவளுக்குக் கொடுத்தேன். விண்டோஸ் போட்டால் நகராத மெஷின் என்பதால் லினக்ஸ் போட்டிருந்தேன். பாட்டரி அநேகமாகப் போய்விட்டது. வயரை உருவினால் கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. இதில் கூத்து என்னவென்றால், மூலையிலிருக்கும் பாட்டரிப் படம் எந்நேரமும் ஃபுல் என்றே காட்டும், பக்கத்தில் பிளக்குப் படமும் இருக்கும். வயரைப் பிடுங்கி வெளியே எறிந்தாலும் அந்தப் படம் மாறாது. ஆகவே அக்கா சாமான் வாங்கப் போடிக்கு வந்த அன்று சென்டரில் உட்கார வைத்து, அந்த ஒற்றை வரியைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தடவையில் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்லைன்னு வந்தா கரண்டு ஏறுது. ஆஃப்லைன்னு வந்தா ஏறல. ஏறலன்னா உடனே வயரக் கொண்டுபோயி டிவி பிளக்குல சொருகு" என்றேன்.

"அப்ப நெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?"

"மயிரளவு கூடக் கெடையாது."

"சரிடா. வெளங்கிருச்சு" என்றாள்.

வகுப்பு நாளன்று காலையிலேயே மேலே போய்விடத்தான் நினைத்திருந்தேன். கிளம்புகிற நேரத்தில் ஒருவர் லேமினேஷன் பேப்பரை என் பிரிண்டருக்குள் விட்டு உருக்கி வைத்தார். "ரெண்டும் பேப்பர்தானே?" என்று என்னையே கேட்டார். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் பஸ் ஏற முடிந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மெட்டுக்குக் கொஞ்சம் கீழே, வளைவில் ஒரு லோடு லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட, மேலே போகும் பஸ்சும் கீழே வரும் ஜீப்புகளும் வரிசை கட்டி நின்றன. லாரி டிரைவருக்கு யோசனை சொல்ல எங்கள் பஸ்சிலிருந்து மட்டும் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தருக்காவது சைக்கிளை ஒழுங்காகத் திருப்பத் தெரியுமா என்பது சந்தேகம்.

அப்போது அக்காவிடமிருந்து வீடியோ கால் வந்தது. நல்ல சேலை கட்டித் தலை வாரி, ஜன்னலோர மேஜையில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் டியூப் லைட்டு எரிந்தது. வாசலில், போடிக்குத் திரும்பும் ஜீப்புக்காகக் காத்திருந்த காட்டு வேலைக்கார அக்காமார் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, ஆஃப்லைன்னு வருதுடா" என்றாள்.

அடுத்த வார்த்தை அவள் பேசுவதற்குள் போனை மச்சான் பிடுங்கிவிட்டார். திரை முழுக்க அவர் மீசை.

"மாப்ளே, நெட்டு அவுட்டு. ஆஃப்லைனுங்குது. டவர் பாறைக்குக் கொண்டு போறோம்."

டவர் பாறை என்றால் வீட்டுக்கு மேலே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு பாறை. அங்கே டவரெல்லாம் கிடையாது. போனில் சிக்னல் கோடு குறைந்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அதன்மேல் ஏறி நின்றுதான் பேசுவார்கள். கல்யாணத்துக்கு அழைப்பதும் கடன்காரனைத் திட்டுவதும் அங்கே வைத்துத்தான்.

"மச்சான், நெட்டு இல்லன்னா இப்ப எதுல என்கூடப் பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்று கத்தினேன்.

"இது போன் நெட்டு மாப்ளே. அது லேப்டாப்பு நெட்டு."

அந்த லேப்டாப்புக்கு நெட்டே அந்தப் போனிலிருந்துதான் போகிறது. அதை விளக்க அங்கே நேரம் இல்லை. "நெட்டு இல்ல மச்சான், கரண்டு! கரண்டு போயிருக்கு!" என்றேன்.

மச்சான் போனை டியூப் லைட்டுப் பக்கம் திருப்பிக் காட்டினார். "அப்ப இது என்ன, சிம்னி வெளக்கா?"

"அது உங்க இன்வெர்ட்டர்ல எரியுது மச்சான்! லேப்டாப்பு வயரக் கழட்டி டிவி பிளக்குல சொருகுங்க!"

"டிவி பிளக்குல சொருகுனா நெட்டு எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டு, என்னைவிட்டு அங்கிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். வாசலில் நின்ற ஒரு பெண்ணின் குரல் கேட்டது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவளாக இருக்க வேண்டும், பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. "பாறையில நல்லாக் கிட்டும் அண்ணே. வெரசாப் போங்க." அத்தோடு கால் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை. என் போன் கேரள டவருக்குத் தாவி எனக்கு வரவேற்புச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

லாரி நகர்ந்து, மெட்டில் இறங்கி, ஒரு ஜீப்பைப் பிடித்து, காட்டுக்குள் நான் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது. வீட்டில் யாரும் இல்லை. டியூப் லைட்டு எரிந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் இன்வெர்ட்டர் பெட்டி மூலையில் கீ கீ என்று கத்திக்கொண்டிருந்தது. கரண்டு போனால்தான் அது கத்தும். வீட்டுக்காரருக்கு அது கேட்காதாம்.

பாறைமேல் ஒரு சின்னத் திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. தூறலில் அக்கா ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். மச்சான் அவள் தலைக்குமேல் குடை பிடித்து நின்றார். இன்னொரு கையில், சொன்னால் நம்பமாட்டீர்கள், சார்ஜர். அழகாகச் சுருட்டிப் பிடித்திருந்தார். பாறையில் எங்கே சொருகுவார் என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன் மாப்ளே" என்றார். ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க அங்கே வந்துவிட்டார்கள்.

வகுப்பு அப்போதுதான் ஆரம்பித்திருக்க வேண்டும். நேரம் வரும்வரை அக்கா லேப்டாப்பை மூடியே வைத்திருந்ததாகவும், நெட்டு வந்ததா என்று பார்க்கத் திறக்கக்கூட விடவில்லை என்றும் மச்சான் என் காதில் குறைப்பட்டுக்கொண்டார். திரையில் ஏழெட்டுக் குட்டி முகங்கள். அக்கா அவர்களுக்கு மழை என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். 'மளை' என்று ஒரு பையன் சொல்ல, அவள் லேப்டாப்பைத் தூக்கி, எதிரே சரிவில் இறங்குகிற மழையைக் காட்டி, "இது யாரு? நல்லாக் கூப்பிடுங்க, திரும்பிப் பாக்கட்டும்" என்றாள். அத்தனையும் சேர்ந்து "மழை!" என்று கத்தின. நாக்கு அத்தனைக்கும் சரியாக மடிந்தது. இப்படிப்பட்ட டீச்சரைத்தான் இந்தக் குடும்பம் அடுப்படியில் பூட்டி வைத்திருந்தது. எனக்குப் பெருமையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

மச்சான் என்னை இடித்தார். "பாத்தியா மாப்ளே. நெட்டு வந்துருச்சு."

அந்தச் சிரிப்பை என்னால் தாங்கவே முடியவில்லை. ஒரு மனிதன் தப்பாக இருக்கலாம். தப்பாக இருந்துகொண்டு, குடையும் பிடித்துக்கொண்டு, தன் பெண்டாட்டியின் எதிர்காலத்தையே தான்தான் காப்பாற்றியதாக நாலு பேர் முன்னால் சிரிக்கக் கூடாது. இதற்கு அங்கேயே ஒரு முடிவு கட்டாவிட்டால் ஆயுசுக்கும் இதைச் சொல்லிக்காட்டுவார் என்று எனக்குத் தெரியும். குனிந்து, அக்காவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கருப்பு ஜன்னலைத் திறந்தேன். அது குழந்தைகளின் முகத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. வரியை அடித்தேன். Adapter 0: off-line.

"பாருங்க மச்சான். இப்பவும் ஆஃப்லைன்தான். ஆனா நெட்டு இருக்கு, பிள்ளைங்க பேசுது. அப்ப ஆஃப்லைன்னா என்ன அர்த்தம்?"

மச்சான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னும் ஆஃப்லைன்தானா? அப்ப இன்னும் கொஞ்சம் மேல ஏறணும்."

"மேல ஏறுனா கரண்டு வருமா மச்சான்? வானத்துலயா கம்பி போட்டிருக்கு?"

"உனக்குக் காட்டு நெலவரம் தெரியாது மாப்ளே. நீ சென்டர்ல உக்காந்து தட்டுறவன்."

"நீங்க மாட்டுன இன்வெர்ட்டர் கீழ தொண்ட கிழியக் கத்திக்கிட்டிருக்கு. அதோட பாஷையே உங்களுக்குத் தெரியல."

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கருப்பு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை, "டீச்சர், அங்க யாரு சண்டை போடறாங்க?" என்று கேட்டது. அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். லேப்டாப் அணைந்துவிட்டது.

நான் மச்சானைப் பார்த்தேன்.  நான் சொன்னது சரி என்று மெஷினே சொல்லிவிட்ட பிறகு நான் எதற்குப் பேச வேண்டும்? ஆனால் அந்த ஆளுக்கு வெட்கம் என்பது ஒரு துளி இருந்தால்தானே. கூட்டத்தைப் பார்த்து, "நல்லாத்தான ஓடிக்கிட்டு இருந்துச்சு? இவன் வந்து கருப்பா என்னத்தையோ தொறந்தான், அமுந்து போச்சு" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மலையாளம் கலந்து பேசிய அந்தப் பெண், "நானும் கண்டேன்" என்று சாட்சி வேறு சொன்னாள்.

ஜீப்பு வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போயிற்று. நான் விடவில்லை. மச்சானை வீட்டுக்குள் கூட்டிப்போய், டிவி வயரைப் பிடுங்கி, அந்த இடத்தில் சார்ஜரைச் சொருகினேன். லேப்டாப்பை உசுப்பி, அவர் கண் முன்னாலேயே வரியை அடித்தேன். Adapter 0: on-line. வெளியே கரண்டு இல்லை, மேஜைப் பக்கத்து பிளக்கில் போன் சார்ஜர் செத்துக் கிடக்கிறது, டிவி பிளக்கில் மட்டும் இது வருகிறது. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு எப்படி நிரூபிப்பது?

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அதான் மாப்ளே. இப்ப நெட்டு வந்துருச்சுல்ல."

அதற்குப் பிறகும் நாங்கள் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டுதான் இருந்தோம். தொண்டை வறண்டதும் அடுப்படிக்குப் போனேன். அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்துப் போனேன். அழவில்லை. சேலையைக்கூட மாற்றவில்லை. எனக்கு அவள்மேலும் கோபம்தான்.

"அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, ஆஃப்லைன்னா கரண்டுன்னு. எப்படி மறந்த?"

"மறக்கலடா."

"பின்ன?"

"எனக்குத் தெரியும், கரண்டுதான்னு. மெஷினு கத்துறதும் கேட்டுச்சு." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "அத்தன பேரு நிக்கிறப்ப அவரு நெட்டுன்னு சொல்லிட்டாரு. இல்லன்னு நான் சொல்லியிருந்தா, அது நெட்டுதான்னு ஒத்துக்க வைக்கிற வரைக்கும் விட்டிருக்க மாட்டாரு. கிளாஸே ஆரம்பிச்சிருக்காது. சரி, பாறைக்கே போவோம், பாட்டரிய மிச்சம் பண்ணி வைப்போம்னு மூடி வச்சிருந்தேன். பத்து நிமிசம் பாடம் எடுத்துட்டு, மழையப் படம் வரைங்கன்னு பிள்ளைங்களுக்கு ஒரு சோலி குடுத்துட்டா, அதுக வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள ஓடியாந்து டிவி பிளக்குல சொருகிரலாம். நோட்ட எடுங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். நீ வந்து கைய நீட்டிட்ட."

 "அவரு சிரிச்சாருக்கா" என்றேன்.

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாரு."

டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தாள். "கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன்" என்றாள். நாங்கள் டிவிக்கு முன்னால் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் பின்வாசலில் நின்று பேசியிருக்கிறாள். "பிள்ளைங்க அந்த மழை டீச்சர் எங்கன்னு கேட்டுச்சாம். இன்னொரு தடவ எடுக்கச் சொல்லிட்டாங்க. என்னைக்குன்னு என்னையவே கேட்டாங்க. அவரு ஏலத்துக்குக் காய் ஏத்திக்கிட்டுப் போடிக்குப் போற நாளாப் பாத்துச் சொல்லிட்டேன்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "சபாஷ். அவரு இல்லன்னாலே பாதிப் பிரச்சனை முடிஞ்சது. நான் அன்னைக்கு விடியறதுக்குள்ள வந்து எல்லாத்தையும் ரெடி பண்ணிர்றேன்."

அக்கா டீயை ஊற்றினாள். எனக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்கு நீயும் வர வேணாம்டா" என்றாள்.